பெரியம்மாவின் சிவப்பு அட்டை



நெடுநாள்களாக இப்பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு நிறைய எழுதலாம் என்று எண்ணியிருந்தேன். நேரம் கிடைத்தது, எழுத்துதான் வரவில்லை. இன்று எழுத அமர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

2025 ஆகஸ்டு 31 முதல் நம் நாட்டில் 18 வயது நிறைந்த ஒவ்வொரு குடிமகனின் மைகாட் அட்டையிலும் அரசாங்கம் 100 வெள்ளியைச் சேர்த்தது, நினைவிருக்கிறதா? அரிசி, மாவு, எண்ணெய், மருந்து போன்றவற்றை அதைக் கொண்டு வாங்கிக்கொள்ளலாம். ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு இல்லை. ஓய்வூதியம் பெறும் எனக்கும் வந்தது. அந்த வாரம் ஈப்போவில் ஒரு கடையில் பொருள்களோடு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் எழுபதைத் தாண்டிய நம்மினத்து மூதாட்டி ஒருவர். ஐந்து கிலோ அரிசி, ஒரு போத்தல் எண்ணெய், ஒரு பொட்டலம் பால்மாவு ஆகியவற்றை மேசைமேல் வைத்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தம் அட்டையை எடுத்து நீட்டினார். கல்லாவில் இருந்த பெண் அதை வாங்கிப் பார்த்தார். இயந்திரத்தில் செருகாமலேயே திருப்பிக் கொடுத்தார். அது சிவப்பு அட்டை.

மூதாட்டி ஒன்றும் கேட்கவில்லை. பால்மாவையும் எண்ணெயையும் ஒதுக்கி வைத்துவிட்டு, அரிசிக்கு மட்டும் சில்லறையை எண்ணினார். என் அட்டையில் இருந்த பணத்தில் அவற்றை வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஆனால், அவர் எண்ணெயை ஒதுக்கி வைத்த அந்த விதம் என்னை விடவில்லை. வாதாடாமல், வியப்படையாமல், பழகிப்போன ஒரு கை செய்யும் செயல் அது. என் பெரியம்மாவும் அப்படித்தான் செய்வார்.

பெரியம்மா என் தாயாரின் தமக்கை. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் 1936-இல் பிறந்தவர். பிள்ளை இல்லை. கணவர் இளமையிலேயே மறைந்தார். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் இடையில் ஒரு பலகைச் சுவர்தான். விடியற்காலையில் பிரட்டுக்குப் போகும்முன் எனக்குத் தேநீர் ஆற்றி வைத்துவிட்டுப் போவது பெரியம்மாவே. நான் பாதி அவர் கையில் வளர்ந்தவன்.

அவர் சிவப்பு அட்டையின் கதை அவருடைய பன்னிரண்டாம் வயதில் தொடங்குகிறது. 1948 சூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. யார் எவர் என்று கண்டறிவதற்காக, 12 வயது நிறைந்த எல்லாருக்கும் அடையாள அட்டை வழங்கத் தொடங்கியதும் அவ்வாண்டில்தான். எங்கள் தோட்டத்தில் ஆபீசு வாசலில் மேசை போட்டு, கிராணி பெயர்களை எழுதினாராம். தாத்தா தம் மூத்த மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"எந்த ஊரு?" என்று கிராணி கேட்டிருக்கிறார்.

தாத்தா, "நாமக்கல்லுங்க" என்றிருக்கிறார்.

தமிழனிடம் எந்த ஊர் என்று கேட்டால் அவன் வேறு என்ன சொல்வான்? தான் பிறந்த ஊரைச் சொல்வான். தன் தகப்பன் பிறந்த ஊரைச் சொல்வான். மகள் இந்த மண்ணில் பிறந்தவள் என்பது தாத்தாவுக்குத் தெரியும். ஆனால், கேள்வி அதுவென்று அவருக்குத் தெரியவில்லை. கிராணி 'பிறந்த இடம்: இந்தியா' என்று எழுதிக்கொண்டார். லயத்து வீட்டில் மருத்துவச்சி பார்த்த பேறு அது. பிறப்புப் பத்திரம் எடுக்கவில்லை. ஆகவே அந்த ஒரு வரியே பெரியம்மாவின் பிறப்புக்குச் சான்றாகிவிட்டது.

1957-இல் நாடு விடுதலை பெற்றது. விடுதலைக்குமுன் இம்மண்ணில் பிறந்தவர்கள் பதிவின் வழியாகக் குடியுரிமை பெற அரசமைப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு வழி வகுத்தது. வெளியில் பிறந்து இங்கே நெடுநாள் வாழ்ந்தவர்களுக்கு 19-ஆம் பிரிவு. தொடக்கத்தில் மொழித் தேர்வில் ஒரு சலுகைக் காலமும் இருந்தது. பட்டணத்தில் இருந்தவர்கள் வரிசையில் நின்று பெற்றுக்கொண்டார்கள். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு, ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. அதோடு, "குடியுரிமை எடுத்தால் திரும்ப ஊருக்குப் போக முடியாது" என்று ஒரு பேச்சு லயமெங்கும் உலவியதாம். ஊருக்குப் போகும் எண்ணம் பெரியம்மாவுக்கு இருந்ததில்லை. அவர் பார்த்திராத ஊர் அது. ஆனாலும் தகப்பனாருக்கு அந்தக் கதவைச் சாத்த மனம் வரவில்லை. அவர் எடுக்காததால் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

அதற்கான விலை விரைவிலேயே தெரிந்தது. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய உரிமம் பெற வேண்டும் என்றார்கள். 1969-க்குப் பிறகு ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்று நூல்கள் கூறுகின்றன. எனக்கு அப்போது நான்கு, ஐந்து வயது. அடுத்த லயத்துக் குடும்பம் ஒன்று தகரப் பெட்டிகளோடு லாரியில் ஏறியது மங்கலாக நினைவிருக்கிறது. பினாங்குக்குப் போய் ரஜூலா கப்பல் ஏறினார்கள் என்று அம்மா பின்னாளில் சொன்னார். என் பெற்றோரும் பெரியம்மாவும் எப்படியோ உரிமம் பெற்று இங்கேயே தங்கிவிட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் தந்தையும் தாயும் சிவப்பு அட்டைக்காரர்களே. நானோ பிறப்பிலேயே நீல அட்டைக்கு உரியவன். எப்படி? 1962 அக்டோபருக்குப் பின் இம்மண்ணில் பிறந்த குழந்தையின் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் குழந்தை குடிமகன் என்று சட்டம் கூறியது. நான் 1965-இல் மருத்துவமனையில் பிறந்தேன். பிறப்புப் பத்திரமும் இருந்தது. 'நிரந்தரவாசி' என்ற அந்த ஒரு சொல்லே என்னைப் பள்ளிக்கும், ஆசிரியர் பயிற்சிக்கும், அரசாங்க வேலைக்கும், இன்று ஓய்வூதியத்துக்கும் கொண்டுவந்து சேர்த்தது. ஒரே லயத்தில், ஒரே பலகைச் சுவருக்கு இப்பக்கம் நான், அப்பக்கம் பெரியம்மா.

இனி நான் சொல்ல வெட்கப்படும் செய்தி. 1985-ஆம் ஆண்டு. நான் பயிற்சி ஆசிரியன். ஒரு விடுமுறையில் பெரியம்மா ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். உள்ளே அட்டை, வேலைச் சீட்டுகள், தாத்தாவின் கப்பல் சீட்டு.

"தம்பி, நீதான் படிச்சிருக்கியே, எனக்கு அந்த நீலக் கார்டுக்கு எழுதிப் போட்டுக் குடேன்" என்றார்.

"என்ன பெரியம்மா இப்ப அவசரம்? வேலைதான் இருக்கே. அப்புறம் பார்க்கலாம்" என்றேன்.

அவர் மறுபடியும் கேட்கவில்லை. அப்பொழுது அவருக்கு 49 வயது. அவர் பிறந்தபோது உடனிருந்த மருத்துவச்சி உயிரோடிருந்தார். தாத்தாவின் கங்காணி உயிரோடிருந்தார். "இவள் இந்தத் தோட்டத்தில்தான் பிறந்தாள்" என்று சத்தியம் செய்து கையொப்பமிட இருவர் இருந்தார்கள். அந்த இருவரையும் நான் நான்கைந்து ஆண்டுகளில் இழக்கப்போகிறேன் என்று அறியாமல் 'அப்புறம்' என்று சொன்னேன். படிக்காத தாத்தா செய்த பிழைக்குக் காரணம் உண்டு. படித்த நான் செய்ததற்கு என்ன காரணம் சொல்வேன்?

பிறகு தோட்டம் மாறியது. பால்மரங்கள் சாய்ந்தன, செம்பனை வந்தது, பின்னர் அதில் ஒரு பகுதி வீட்டுமனையானது. பெரியம்மா ஊழியர் சேமநிதியில் இருந்த சொற்பத் தொகையோடு வெளியேறினார். ஆம், சேமநிதிக்குப் பணம் செலுத்துவதற்குச் சிவப்பு அட்டை தடையில்லை. கொடுப்பதற்கு நிறம் பார்ப்பதில்லை, பெறுவதற்குத்தான் பார்க்கிறார்கள். மலிவு விலை வீட்டுக்கு விண்ணப்பிக்கக் குடியுரிமை கேட்டார்கள். அவர் ஈப்போ புந்தோங்கில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து, வீடுகளில் துணி துவைத்துப் பிழைத்தார். என் வீட்டுக்கு வரச் சொன்னேன். "ஒடம்புல தெம்பு இருக்கிற வரைக்கும் இருக்கேன்" என்றார்.

2012-இல் 'பிரிம்' என்ற உதவித்தொகை முதன்முதலாக வந்தது. மாத வருமானம் 3,000 வெள்ளிக்கு மேற்போகாத குடும்பத்துக்கு 500 வெள்ளி. அண்டை வீட்டார் எல்லாரும் போனார்கள், பெரியம்மாவும் போனார். முகப்பில் இருந்தவர் அன்பாகவே பேசியிருக்கிறார். அட்டையைப் பார்த்துவிட்டு, "மக்சிக், இது குடிமக்களுக்கு மட்டும்" என்றிருக்கிறார். சமூகநல இலாகாவின் முதியோர் உதவித்தொகையும் அப்படியே. அப்பொழுது மாதம் 300 வெள்ளி. 2025 முதல் 600 வெள்ளி. அறுபது வயதாகி வறுமையில் இருந்தால் போதாது. குடிமகனாகவும் இருக்க வேண்டும். 'பிரிம்' பிறகு பல பெயர் மாறி இன்று எஸ்.டி.ஆர். ஆகியுள்ளது. அந்த நிபந்தனை மாறவில்லை.

அந்த 500 வெள்ளியை நானே கொடுத்தேன். வாங்க மறுத்தார்.

"நீ குடுத்தா அது ஒன் காசு, தம்பி. நான் கேட்டது கவர்மெண்டு காசு. முப்பத்தாறு வருசம் நான் வெட்டுன பால் எங்க போச்சு? அது இந்த நாட்டுக்குத்தானே போச்சு?"

அவர் சினந்து பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

இதற்குமுன், 2011 பிப்ரவரியில், ஆவணமில்லாத இந்தியர்களுக்காக 'மைடாப்தார்' என்னும் பதிவியக்கத்தை அரசு நடத்தியிருந்தது. அதில் பெரியம்மாவின் விண்ணப்பத்தை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். 26 ஆண்டுகள் கடந்த 'அப்புறம்' அது. அட்டையில் 'இந்தியா' என்று இருந்தமையால் 16-ஆம் பிரிவுக்குள் அவரால் நுழைய இயலவில்லை. அப்பிரிவுக்கு ஓரளவு மலாய்மொழி தெரிந்தால் போதும். 19-ஆம் பிரிவுக்குப் போதிய மலாய்மொழி அறிவு வேண்டும். ஆகவே 76 வயதில் பெரியம்மா என் மாணவியானார். சனிக்கிழமைதோறும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது போலச் சொல்லிக்கொடுத்தேன். சந்தையில் மீன் வாங்கும் மலாய் அவருக்கு நன்றாகவே வரும். மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசும் மலாய்தான் வரவில்லை.

2013-இல் நேர்காணல் நடந்தது. நானும் உடன் சென்றேன். பெயர், வயது, நாட்டின் தலைநகர் எல்லாவற்றுக்கும் விடை சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு, "எங்கே பிறந்தீர்கள்?" என்று கேட்டார் அதிகாரி.

"சுங்கை சிப்புட்" என்றார் பெரியம்மா.

அதிகாரி கோப்பைப் பார்த்தார். "இங்கே இந்தியா என்றல்லவா இருக்கிறது? எது உண்மை?"

பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பேசக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அவர் அதன்பின் ஒரு சொல்லும் பேசவில்லை. கையில் இருந்த பிஸ்கட் டின்னை மடியில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார்.

அந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பெரியம்மா இரண்டு ஆண்டுகள் படித்தவர். பழைய சேர்க்கைப் பதிவேடு கிடைத்தால், அதில் பிறந்த இடம் இருக்கலாம் என்று எண்ணித் தேடினேன். பள்ளி இடம் மாறியபோது, பழைய பதிவேடுகளைக் கறையான் அரித்துவிட்டதாகச் சொல்லி எரித்திருந்தார்கள். எரித்தவர்கள் என்னைப் போன்ற ஆசிரியர்களே. 2015-இல் பதில் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. காரணம் கூறப்படவில்லை, கூற வேண்டிய கட்டாயமும் இல்லை. குடியுரிமை குறித்து நடுவண் அரசு எடுக்கும் முடிவை எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்ய இயலாது என்று அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே கூறுகிறது.

2018-இல் ஆட்சி மாறியபோது, அறுபது வயதைக் கடந்த சிவப்பு அட்டை இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. மறுபடியும் எழுதிப் போட்டோம். 2019 நவம்பரில், பதில் வருமுன், பெரியம்மா என் வீட்டில் காலமானார். அவர் கணக்கை முடிக்க நான் மறுபடியும் ஓர் அலுவலக வரிசையில் நின்றேன். அவர் நிலையைக் குறிக்கும் இடத்தில் 'நிரந்தரவாசி' என்றிருந்தது. என்னைக் குடிமகனாக்கிய அதே சொல்.

நியாயமாகவும் பேச வேண்டும். பொதுப்பணத்துக்கு எந்த நாடும் ஓர் எல்லை போடத்தான் செய்யும். நேற்று வந்தவருக்கும் இன்று வந்தவருக்கும் எல்லா உதவியும் உடனே கொடு என்று நான் கேட்கவில்லை. அமெரிக்காவில் 1996-இல் வந்த சட்டம் நிரந்தரவாசிகளைப் பெரும்பாலான நடுவண் உதவிகளிலிருந்து விலக்கிவைத்தது. கடுமையான சட்டம் என்றே அதைப் பலர் குறை கூறினார்கள். அதுவும்கூடப் பொதுவாக ஐந்தாண்டுக் காத்திருப்பையே விதித்தது. பெரியம்மா 1948-இல் அட்டை வாங்கியவர். 2012-இல் வரிசையில் நின்றபோது 64 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் குடியேறியவரும் அல்லர், இங்கேயே பிறந்தவர். எங்கள் தாத்தாவின் ஊர்ப்பக்கத்திலிருந்து சிலர் மலாயாவுக்கு வந்தார்கள். வேறு சிலர் இலங்கை மலையகத்துக்குப் போனார்கள். அங்கே 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964-இல் இரு நாட்டுத் தலைவர்கள் உட்கார்ந்து மனிதர்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஆனாலும் 2003-இல் இலங்கை நாடாளுமன்றம் ஒரே சட்டத்தால் எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை தந்தது. அறுபது, எழுபது ஆண்டு வாழ்ந்தவரிடம் தாளைக் கேட்காமல் வாழ்வைச் சான்றாக ஏற்க ஒரு நாட்டால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

நம் நாட்டிலோ, 2024 அக்டோபர் 17-இல் மக்களவை ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு அது நெடுநாள் மறுக்கப்பட்ட உரிமையைக் கொடுத்தது, மகிழ்ச்சி. அதே திருத்தம், இங்கே பிறக்கும் குழந்தையின் குடியுரிமைக்கு உரிய தகுதியிலிருந்து 'நிரந்தரவாசி' என்ற சொல்லை நீக்கியது. இனிப் பிறப்பவர்களுக்கே அது பொருந்தும் என்றார்கள். என் பெற்றோரைப் போன்ற இருவருக்கு இனி என்னைப் போன்ற ஒருவன் பிறந்தால், அவன் பலகைச் சுவருக்கு அப்பக்கம் பிறப்பான்.

இவை பழங்கதை அல்ல என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். என் கடைசி ஆண்டு வகுப்பில்கூட, பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகன் அல்லன்' என்று எழுதப்பட்ட ஒரு மாணவன் இருந்தான். தந்தை மலேசியர், தாய் வெளிநாட்டவர். கோயிலில் தாலி கட்டினார்கள், பதிவு செய்யவில்லை. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்துக்குச் சட்டப்பதிவு வேண்டும். பதிவில்லாத உறவில் பிறக்கும் பிள்ளை தாயின் நிலையையே பெறும். பள்ளித் தொடக்க உதவியாக 150 வெள்ளி கொடுக்கும் நாளில், பெற்றோர்கள் ஒவ்வொருவராகக் கையொப்பமிட்டு வாங்கிப் போனார்கள். அவன் தாய் கடைசி நாற்காலியில் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். பெயர் பட்டியலில் இல்லை என்று சொல்லும் வேலை எனக்கு வாய்த்தது.

ஆகவே அன்பர்களே, குறிப்பாக ஆசிரிய நண்பர்களே, சில வேண்டுகோள்கள். கோயில் திருமணத்தோடு நின்றுவிடாமல், பிள்ளை பிறக்குமுன் பதிவு செய்யச் சொல்லுங்கள். குடியுரிமை இல்லாத மாணவன் இருந்தால், அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவின்கீழ் வயது கடக்குமுன் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இதுவரை 21 வயது என்றிருந்த வரம்பை, மேற்சொன்ன திருத்தம் 18 ஆகக் குறைக்கிறது. வீட்டில் சிவப்பு அட்டையோடு முதியவர் இருந்தால், அவர் பிறப்பை அறிந்த இன்னொரு முதியவர் உயிரோடிருக்கும்போதே சத்தியப் பத்திரம் எழுதி வாங்குங்கள். உங்கள் பள்ளிக் கிடங்கில் தோட்டக் காலத்துப் பதிவேடுகள் கிடந்தால், குப்பை என்று எண்ணி எறிந்துவிடாதீர்கள். கறையான் அரித்த ஏடாயினும், எஞ்சிய ஒரு வரியில் யாரோ ஒருவருடைய முதுமைச் சோறு இருக்கலாம்.

கடையில் பார்த்த அந்த மூதாட்டியிடம் அன்று விடைபெறுமுன் ஒரு கேள்வி கேட்டேன். "எந்த ஊர் அம்மா?" என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டு, "எங்கம்மா பொறந்தீங்க?" என்று கேட்டேன்.

"செம்மோர் பக்கத்துல, தோட்டத்துல" என்றார். அவரைவிட மூத்த அக்காள் ஒருவர் புந்தோங்கில் இருக்கிறாராம். இவர் பிறந்தது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறதாம். வருகிற சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன். இம்முறை 'அப்புறம்' இல்லை.

உங்கள் குடும்பத்திலும் இத்தகைய பட்டறிவு இருந்தால் எழுதுங்கள். மீண்டும் சந்திப்போம்.